பூ வந்த பிறகு அடுப்பு

காலை ஏழு மணி இருபது நிமிடம். என் மகளின் கல்யாண நாள். எஸ்டேட் கோயிலுக்குப் பின்னால் போட்டிருந்த சமையல் பந்தலில் அடுப்பு எரியவில்லை. அரிசி களைந்து வைத்தாகிவிட்டது, காய் நறுக்கியாகிவிட்டது. சமையற்காரரும் அவருடைய ஆட்களும் அடுக்கிய விறகைச் சுற்றி உட்கார்ந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

"என்னய்யா, இன்னும் பத்த வைக்கலியா?"

"பூ வரலியே, கிராணி," என்றார் சமையற்காரர்.

"பூவுக்கும் சாம்பாருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான பேப்பர்ல போட்டிருக்கீங்க. பூ வந்தப்புறம்தான் அடுப்பு."

அந்தப் பேப்பர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எந்த வேலை முன்னே, எது பின்னே என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றும் கூடவே வந்தது. பேக்டரியில் புது இயந்திரம் பூட்டும் வேலைக்காகத் மேனேஜர் துரை வாங்கியது. பெரிய கிராணியான, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான என்னைக் கூப்பிட்டு, "மொதல்ல ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணப் போட்டுப் பழகுங்க," என்றார். அந்த மாதம் என் மண்டையில் கல்யாணத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அதையே போட்டேன்.

ஒவ்வொரு வேலைக்கும் புரோகிராம் ஒரே கேள்வியைக் கேட்டது: இதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை எது? அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆபீசிலேயே தலை நரைத்தவனுக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பந்தலுக்குப் பின் பூ, பூவுக்குப் பின் அடுப்பு, சமையலுக்குப் பின் மாப்பிள்ளையை அழைத்துவர வேன் என்று ஒன்றன் வாலில் ஒன்றைக் கட்டினேன். முதல் தடவை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று தாலி கட்டுவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தது. அதைப் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்து வருவதற்குள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பிறகு, எந்த வேலை பிந்தினால் கல்யாணமே பிந்துமோ அதற்கெல்லாம் ஒரு நட்சத்திரம் போட்டுக் காட்டியது. திரை முழுக்க நட்சத்திரம்.

துரை எட்டிப் பார்த்தார். "என்ன கிராணி, எல்லாத்துக்கும் ஸ்டார் போட்டிருக்கு?"

"கல்யாணமாச்சே, துரை. எல்லாமே முக்கியந்தான்," என்றேன் பெருமையாக.

திட்டத்தைத் தாளில் அச்சடித்து மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இன்னொன்றைக் கங்காணி வாங்கிக்கொண்டார். அவர் என் மனைவியின் அண்ணன். எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களை நிற்க வைத்துக் கங்காணி வேலை பிரிப்பார். கொடுத்த வேலையை விட்டு வேறெதிலாவது கை வைத்தால் ஏச்சுதான். கல்யாண வேலைக்கு வந்தவர்களையும் அவர் முந்தின நாள் அப்படியே நிற்க வைத்து, தாளைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று, "ஒண்ணு முடியாம அடுத்தத தொட்டா, மொத்தமும் கவுந்துரும்," என்று ஒரு பிரசங்கம் செய்தேன்.

பூ, மலைமேல் தோட்டங்கள் இருக்கும் கியா பார்மிலிருந்து லோரியில் வர வேண்டும். மேலே முட்டைக்கோஸ் லோரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டதாம்.

"அந்தப் பேப்பரத் தூக்கி அடுப்புல போடுங்க!" என்று கத்தினேன்.

"பூ வரட்டும், அடுப்புப் பத்த வைக்கிறோம், அப்புறம் போடுறோம்," என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது.

கங்காணிக்குச் சிரிப்பு வரவில்லை. "மச்சான், நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ஆளுங்க எதக் கேக்குறது?"

அதற்குள் என் மனைவி வந்து தீக்குச்சியைக் கிழித்து விறகில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, தாலியையும் அந்தப் பொட்டியே கட்டிடுமா?" என்றாள்.

அடுப்புப் புகையைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் கோயில் வாசலில் வேனைப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார், பூ லோரி வரும் வழியில் இருக்கும் தானா ராத்தா டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள்.

"நீ இன்னும் போகலியா?"

"சாப்பாடு ரெடியாகலியே, ஐயா!"

வேனைத் துரத்திவிட்டு மகளைப் பார்க்கப் போனேன். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டு, "அப்பா, எனக்கும் ஸ்டார் போட்டிருக்கீங்களா?" என்றாள். கிண்டல்தான்.

ஒன்பதரைக்கு வேன் திரும்பியது. உள்ளே ஒருவரும் இல்லை.

"வீடு பூட்டிக் கெடக்கு, ஐயா. கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஒரு ஆளும் இல்ல."

மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழைக்க ஆள் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஊருக்கே திரும்பியிருப்பார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மகளிடம் எந்த வாயால் சொல்வது? ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்ப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஹாரன் சத்தம். "பூ வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பூ வந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட அங்கே யாருக்கும் தெம்பில்லை.

லோரி வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் சம்பந்தி, மடியில் தாம்பாளத்துடன். பின்னால் செவ்வந்திக் கூடைகளுக்கு நடுவில் பட்டுச் சேலைகள். அவர்களுக்கு முன்னால், கயிற்றைப் பிடித்தபடி, பட்டு வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. வேனுக்குக் காத்துக் காத்துப் பார்த்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கே வந்து, கோயிலுக்குப் போகும் பூ லோரியை நிறுத்தி ஏறியிருக்கிறார்கள். அவர்கள் ரோட்டோரம் நின்றபோது பனியில் எங்கள் வேன் அவர்களைக் கடந்துதான் போயிருக்கிறது; திரும்பும்போது லோரியையும் முந்தி வந்திருக்கிறது.

மாப்பிள்ளை குதித்து இறங்கினார். இடுப்பிலிருந்து என் தாளை எடுத்து விரித்து, ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மாமா, கோச்சுக்காதீங்க லா. பூ வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நான் வரணும்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டோம்."