இரண்டாவது மூடி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கைக்கடிகாரப் பித்தர்கள் கூடும் மண்டபத்தில் அவளுக்கு ‘முதுகு பார்க்கிற அக்கா’ என்று பெயர். காந்தம் ஏறாத ஸ்டீல் கடிகாரம் என்றால் அந்த ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாலிஷ் படாத ஸ்டீலா, முகப்பு பழையதேதானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பக்கத்தில் தங்கமே கிடந்தாலும் திரும்ப மாட்டார்கள். இவளோ எடுத்ததும் கவிழ்த்து, பின்மூடியைத் திருகி, காந்தத்தைத் தடுக்க உள்ளே இருக்கும் இரும்பு மூடியையும் கழற்றி, அதன் உட்புறத்தைப் பார்ப்பாள்.

“பொண்ணு பாக்கப் போனாலும் முதுகைத்தான் பாப்பீங்களாக்கா?” என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பதினோரு வருஷமாக அவள் தேடியது கடிகாரத்தை அல்ல, தம்பியை.

அவள் கடிகாரம் பழுதுபார்ப்பவள். தம்பி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் இருந்தான். அங்கே சாதாரணக் கடிகாரம் காந்தம் ஏறித் தலைதெறிக்க ஓடும் என்பதால் இந்த ரகத்தை வாங்கிக் கொடுத்தாள். வருஷா வருஷம் எண்ணெய் போட்டு, தொழில் வழக்கப்படி மூடிக்குள் தேதியைக் கீறி வைப்பாள். அம்மா செத்த அன்று அவன் குடித்துவிட்டு வந்து நின்றபோது, “இனி என் மூஞ்சியிலயே முழிக்காத” என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரன், முழிக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. தன் நாக்கை அவள் சபிக்காத நாளில்லை.

இன்று வியாபாரி நீட்டிய கடிகாரத்துக்குள் அவளுடைய கீறல்கள் இருந்தன. விரலால் தடவித் தடவி எண்ணினாள். அவள் போட்ட ஐந்து தேதிகளுக்குக் கீழே வேறு யாரோ போட்ட பதினொன்று, வருஷம் தவறாமல். கடைசித் தேதி போன மாதத்தது.

“யாரு குடுத்தா?”

“போன வாரம் ஒருத்தர். தலை பூரா நரை. வார் மாத்தத்தான்கா வந்தாரு. இந்த வாட்சுன்னா ஒரு அக்கா உசுரை விடுவாங்க, உள்மூடியில தேதியத் தேடுவாங்கன்னு பேச்சுவாக்குல சொன்னேன். மொகம் செத்துப்போச்சு. சொன்ன வெலைக்குக் குடுத்துட்டு ஓடாத குறையாப் போயிட்டாரு. நேத்து மறுபடி வந்து, வித்துட்டீங்களான்னு கேட்டாரு. இன்னும் இல்லன்னேன். சரின்னுட்டு வெறுங்கையத் தடவிக்கிட்டே போயிட்டாரு.”

இங்கேயே காத்துக் கிடந்தால் பிடித்துவிடலாம். பிடித்து என்ன செய்வது? அக்கா தேடுகிறாள் என்று கேட்டதுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவன். பதினோரு வருஷம் தேடியதற்கு இதுதான் பலன். ஆனாலும் இத்தனை வருஷமும் தவறாமல் எண்ணெய் போட்டுக் கையில் கட்டியிருந்திருக்கிறான்; அவள் தேடாதிருந்தால் இன்னும் கட்டியிருப்பான்.

இரண்டு மூடிகளையும் இறுக்கி மூடினாள். சாவி கொடுத்து, நேரம் சரிசெய்து, அதன் விலைப் பணத்தோடு வியாபாரியின் கையிலேயே வைத்தாள்.

“திரும்ப வந்தா இதை அவருக்கே குடுத்துடுங்க. காசு வாங்காதீங்க.”

“ஏன்னு கேட்டா என்னக்கா சொல்றது?”

“அந்த அக்கா இப்பல்லாம் தேடுறதில்லன்னு சொல்லுங்க.”