லெட்சுமி அக்காவும் பிளாஸ்டிக் சுற்றிய கைப்பிடியும்

லெட்சுமி அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை, கிள்ளான் பக்கத்து மேருவில், அவர் வீட்டிலேயே. தூக்கத்தில்...

அனுப்பி வைத்துவிட்டு கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அழுது முடித்தாயிற்று. இப்போது மனசு லேசாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பேக் கழுவும் கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, உங்கள் பிராண்டட் பேக்கை வாங்கியதும் மோந்து பார்ப்பாரே... அவர்தான்.

"எதுக்கு ஆன்டி மோந்து பாக்குறீங்க?"

"பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி மூக்குக்குத் தெரியும் மேடம்."

அப்புறம் எல்லாருக்கும் ஒரே பிரசங்கம். பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், அலமாரியில் பூட்டாதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்குத் தோல் பூத்துவிடும், தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

சொல்லும்போது என் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். திரும்பினால் நான் சிரித்துவிடுவேன்!

ஏனென்றால் அக்காவிடமே ஒரு பேக் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் கஸ்தூரி, முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தது. ஏதோ பிரெஞ்சுப் பெயர், இன்னும் என் வாயில் நுழையவில்லை.

அதன் கைப்பிடி பூச்சு இல்லாத வெளிர்த்தோல். பழகப் பழக, கை வியர்வை பட்டுப் பட்டு, தேன் நிறமாகி, அப்புறம் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, நம்ம தே தாரிக் நிறத்துக்கு வரும். அந்த நிறத்துக்காகத்தான் அந்த மாதிரி பேக்கையே வாங்குகிறார்கள்.

அக்கா என்ன செய்தார்? புதுக் காடி வாங்கினால் சீட் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமலே ஓட்டுவோமே, அதே கதைதான். கைப்பிடி முழுக்க சமையல்கட்டு பிளாஸ்டிக்கைச் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வேலைக்கு வருவது துணிக்கடையில் இனாமாகக் கொடுத்த பையோடு.

"அக்கா, பேக் என்ன வயசுக்கு வந்துடுச்சா? வெளிய விடவே மாட்டேங்குறீங்க?"

"ஏ வாயாடி, அது என் மக வாங்கிக் குடுத்தது லா. கொமுட்டர்ல எவனாச்சும் உரசிட்டான்னா?"

"உரசட்டுமே. உங்களத்தான் யாரும் உரசறதில்ல..."

நல்ல அடி வாங்கினேன், துடைக்கிற துணியாலேயே.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் கஸ்தூரி எனக்கு போன் செய்தாள்.

"செல்வி ஆன்டி, உண்மைய சொல்லுங்க. அம்மாவுக்கு அந்த பேக் பிடிக்கலையா? ஒரு கல்யாண போட்டோலகூட காணோம்."

"பிடிச்சதாலதான் மா பூட்டி வச்சிருக்காங்க."

"பிடிச்சிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பாங்க தானே ஆன்டி..."

அவளே போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அக்காவுக்குக் கிட்னி கெட்டு, வேலையை விட்டார். டயாலிசிஸ், வீடு, டயாலிசிஸ்.

ஒரு காலையில் மேருவுக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பழமும் கடையில் தோலுக்குப் போடும் கிரீமும்.

"எங்கக்கா உங்க கைதி? கொஞ்சம் வெளிய கொண்டாங்க."

அலமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து, கைப்பிடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அக்கா மோந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கணுமே...

"பிளாஸ்டிக்ல சுத்தாதீங்க மேடம்..."

"செல்வி, வாய மூடு."

"தூக்கிட்டு வெளிய போங்க மேடம்..."

"அடி விழும் சொல்லிட்டேன்!"

சிரித்து முடித்தபிறகு கஸ்தூரி கேட்டதைச் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போனார். கத்தரிக்கோலை எடுத்துவந்து பிளாஸ்டிக்கைத் தானே வெட்டினார்.

காய்ந்த துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீம் தடவி, வாசலில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் இளவெயிலில் வைத்தோம். கைப்பிடி அப்போதும் வெளிறித்தான் இருந்தது.

"இனிமே தூக்குங்கக்கா."

"பாக்கலாம் லா."

அக்காவின் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? பிறகு மாதக்கணக்கில் போனில்தான் பேச்சு. பேக் வெளியே போனதா என்று கேட்டால், "உனக்கு வேற வேலை இல்ல?"

அதனால் திட்டாதீர்கள்... இன்று சாவு வீட்டில் அக்கா முகத்தைப் பார்த்ததும் அடுத்து என் கண் அந்த அலமாரியைத்தான் தேடியது. மாரியாத்தா, அது புதுசு மாதிரி இருந்துவிடக் கூடாதே.

ஆண்கள் கிளம்பிப் போய், வீடு கழுவி முடித்தபின் கஸ்தூரி பேக்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

கறுத்திருந்தது!

கைப்பிடி ஒரு பக்கம் தே தாரிக், உடம்போடு ஒட்டுகிற பக்கம் பால் விடாத கட்டைத் தேத்தண்ணி. அடியில் மழைத்துளி வட்டங்கள். உள்ளே ஆஸ்பத்திரி அட்டை, விபூதிப் பொட்டலம், மூடி சரியாக மூடாத தைலக் குப்பி. தைலம் ஊறி ஒரு மூலையே கறை.

பழக்கதோஷம், மோந்து பார்த்தேன். தைலமும் விபூதியும். பூஞ்சணம் துளி இல்லை.

"எனக்கே தெரியாது ஆன்டி. டயாலிசிஸ்ல பக்கத்து பெட் ஆன்டி இப்பத்தான் சொன்னாங்க. இது இல்லாம அங்க வரமாட்டாங்களாம். நர்ஸுங்க, டிரைவர், எல்லார் கையிலயும் குடுத்து, 'என் மக வாங்கிக் குடுத்தது, தொட்டுப் பாருங்க'ன்னு சொல்லுவாங்களாம்."

அதுதான் இவ்வளவு சீக்கிரம் கறுத்திருக்கிறது. எத்தனை பேர் கை!

கஸ்தூரி அந்தத் தைலக் கறையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஆன்டி, இது போயிடுமா?"

"போகாது மா."

"கழுவுனாலும்?"

"எங்க கடை இல்ல, எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் போகாது."

"அப்பாடா..." என்றாள்.

பேக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயேதான். அப்படியே வந்தவர்களுக்கு காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

போயிட்டு வாங்கக்கா. அங்கயும் எதையாச்சும் பிளாஸ்டிக்ல சுத்தி வச்சீங்கன்னா... வந்து கேப்பேன்.