வெள்ளை என்று சொன்னவர்

ஆலையில் அவருக்கு மீட்டர் என்று பெயர். வெண்களிமண்ணின் வெண்மையை அளக்க மற்ற ஆலைகளெல்லாம் கருவி வாங்கியபோது, "நம்ம ஆளே ஒரு மீட்டர்தான், எதுக்குத் தெண்டச் செலவு?" என்று முதலாளி சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். கூடை சுமக்க வந்தவர்தான். சேர்ந்த ஆறாம் மாதமே, மேஸ்திரி வெள்ளை என்று ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, "இதுல பழுப்பு ஓடுதே" என்றாராம். அன்று இறக்கிய கூடையை மறுபடி தூக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷமாக, குழியிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கட்டியை எடுத்துப் பொடித்து, கண்ணாடித் தகட்டால் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வார். வெள்ளை என்றால் காகிதத்துக்கும் பீங்கானுக்கும் போகும். மஞ்சள் என்றால் கூரை ஓட்டுக்குப் போகும். மறுபேச்சு கிடையாது.

கருங்கல் பூமிக்கடியில் லட்சக்கணக்கான வருஷம் ஊறி உளுத்துத்தான் இந்தக் களிமண் ஆகிறது. அந்த ஊறலில் கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் போச்சு, மஞ்சள் ஏறிவிடும். குழியின் கிழக்குப் பக்கம் அப்படி இருக்கலாம் என்று, துளை போட்டுப் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மீட்டர் இருக்கும்போது அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

போன மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஆள் நிலைகொள்ளவில்லை. ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மற்றதை மூடுவார். சுவரைப் பார்ப்பார், தலையணை உறையைப் பார்ப்பார், உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார்.

"இந்தச் சட்டை ஏன் மஞ்சளா இருக்கு?" என்றார் மனைவியிடம்.

"ரெண்டு மூணு வருஷமா மஞ்சளாத்தாங்க இருக்கு. நீங்கதான் வெள்ளை வெள்ளைன்னு போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

அவள் சிரித்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்புதான் காகித ஆலை ஆறு லாரிச் சரக்கை மஞ்சள் என்று திருப்பி அனுப்பியது. களிமண்ணைக் கழுவும் தொட்டிகள் அப்போது அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பொறுப்பில் இருந்தன. முதலாளி கேட்டபோது மீட்டர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "குழியிலேர்ந்து வந்தப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. கழுவுற எடத்துலதான் கெட்டிருக்கும்." மச்சினனுக்கு வேலை போயிற்று. அதன்பிறகு அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சட்டையைப் பார்த்த மறுநாள், ஆலை திறப்பதற்கு முன்பே மீட்டர் போய் நின்றார். கழுவுவதற்கு முன்பே எடுத்த மண் மாதிரிகள் ஒவ்வொன்றையும் தேதி போட்ட பொட்டலத்தில் வைத்திருப்பது அவர் பழக்கம். அலமாரியின் அடித்தட்டைத் துழாவி அந்த ஆறு பொட்டலங்களையும் எடுத்தார். கிழக்குப் பக்கத்து மண். தகட்டில் அழுத்தினார். இன்னும் புரை எடுக்காத இடது கண்ணுக்கு வெள்ளை. வலது கண்ணுக்குத் தேநீர்க் கறை மாதிரி மஞ்சள். தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மஞ்சள்தான், சந்தேகமே இல்லை.

முதலாளி பொட்டலங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுபோன கதைய எதுக்குக் கிளர்றீங்க? அடுத்த மாசம் இன்னொரு கண்ணையும் சரி பண்ணிக்குங்க. வெளிய சொன்னா உங்க பேருதான் கெடும்."

சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் மனிதருக்குச் சொத்து. அரை மணி நேரம் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

மச்சினன் ஒரு லாரி ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் குழாயை மூடினான். முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் இவரை என்னவோ செய்தது. வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு மறந்துபோயிற்று.

"மாப்ள, அந்த மண்ணு குழியிலேயே மஞ்சள். எனக்குத்தான் கண்ணு தெரியல. நான் சொன்னது தப்பு."

அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் கழுவினேனா?"

"ஒழுங்காத்தான் கழுவினே."

"தொட்டியில ஒண்ணும் குறை இல்லையா?"

"இல்லப்பா."

மச்சினன் ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா வீட்டுல தண்ணியக் கிளாஸ்ல புடிச்சு வெயில்ல வச்சுப் பாக்குறேன், மாமா. எங்க கோட்டை விட்டேன், எங்க கோட்டை விட்டேன்னு." சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் திரும்பிக் கத்தினான். "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! மாமா சொல்றதக் கேளுங்க!"

கிரீஸ் கையோடு நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் களிமண்ணும் தெரியாது, தொட்டியும் தெரியாது. மீட்டர் அவர்கள் முன்னால் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். ஒருவன் தலையாட்டினான். மற்றவர்கள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

"மன்னிச்சுடு மாப்ள," என்றார் மீட்டர்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல வீட்டுக்கு வாங்க." மச்சினன் பாதி கழுவிய லாரியை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டினான். "என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லணும். அவளும் என்னை நம்பல. அவகிட்டச் சொல்லி முடிங்க, அப்புறமா உங்க மேல கோபப்படறேன்."