ஆல்டன் குரோவ் காத்தாடிக்காரர்

எங்க வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்கு ரெண்டு குடும்பம். ஒண்ணு டெக்ஸாஸ்ல, ஹூஸ்டன் பக்கத்துல கேட்டிங்கற ஊருல, நானும் பொண்ணு ஓவியாவும். இன்னொண்ணு அயோவாவுல ஆல்டன் குரோவ்னு ஒரு ஊரு. தப்பா நெனைக்காதீங்க, அங்க இருக்கறது அத்தனையும் கரண்டு எடுக்கற காத்தாடி.

உடுமலைப்பேட்டைக்காரர். காத்தடிக்கிற சீமையில பொறந்ததாலயோ என்னவோ, காத்தாலைதான் உசிரு. கூடப் படிச்சவங்க எல்லாம் ஹூஸ்டன்ல எண்ணெய்க் கம்பெனியில சேந்து சாயங்காலமானா வீட்டுல காபி குடிக்கறாங்க. இவரு காத்தாலைக் கம்பெனிக்கு ஊர்க்காரங்ககிட்ட சம்மதம் வாங்கற வேலையில, மாசத்துல பாதி சோளக்காட்டு நடுவுல ஒரு மோட்டல்ல கெடக்கறாரு.

அந்த ஊரு கதையைக் கேட்டாலும் சொல்லுவாரு, கேக்காட்டியும் சொல்லுவாரு. ரயில் நின்னுச்சாம், மளிகைக்கடை மூடுச்சாம், எளவட்டமெல்லாம் டவுனுக்குப் போயிருச்சாம். ஸ்கூலையும் இழுத்து மூடப்போன நேரத்துலதான் காத்தாடி வந்துச்சாம். அதோட வரிப்பணத்துல ஸ்கூலுக்குப் புதுக் கூரை, பஸ்ஸு, பாட்டு டீச்சர். "நம்ம காத்தாடிதான் அந்த ஊரையே நிக்க வெச்சிருக்குது"ம்பாரு. நம்ம வீட்டை யாரு நிக்க வெக்கறதுன்னு கேட்டா, அடுத்த பிளைட்டு எத்தனை மணிக்குன்னு பாப்பாரு.

இப்ப அந்தக் காத்தாடிகளுக்கு வயசாயிருச்சு. கழட்டிட்டுப் புதுசா, பெருசா வெக்கணும். கவுன்ட்டியில, நம்மூரு ஜில்லா மாதிரி, ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டா இவரு வேலை முடிஞ்சுது, ஹூஸ்டன் ஆபீசுக்கே வந்துரலாம். "இந்தத் தடவை வந்துருவீங்கல்ல?"ன்னு கேட்டேன். "சரி, சரி"ன்னாரு. ஓவியா மட்டும் நம்பல. "அம்மா, இஸ் ஹி கமிங் ஹோம், ஆர் ஜஸ்ட் விசிட்டிங்?"னு கேட்டா. அவளை அதட்டிட்டேன்.

ஓட்டு நாளன்னிக்கு ஊரே ஹால்ல கூடியிருக்கு. டோரத்தின்னு ஒரு வயசான அம்மா. பழைய காத்தாடி ஒண்ணு அவங்க ஜன்னலுக்கு நேரா நிக்குது, பொழுது சாயறப்ப றெக்கையோட நெழல் வீட்டுக்குள்ள வந்து வந்து போகும். புதுசை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சுருன்னு முன்னாடியே இவருகிட்ட போன்ல சொல்லியிருக்காங்க. நம்மாளு வழக்கம்போல, "ஓகே, ஓகே, ஓகே."

நமக்குத் தெரியாதா? எதிராளி பேசப் பேச "சரி, சரி"ன்னு சொல்லலேன்னா "லைன்ல இருக்கீங்களா?"ம்பாங்க. அது காது குடுத்ததுக்கு அடையாளம், வாக்குக் குடுத்ததுக்கு இல்ல. பாவம், டோரத்தி என்னத்தைக் கண்டாங்க? பிளான்ல காத்தாடி அதே எடத்துல நிக்கறதைப் பாத்ததும் எந்திரிச்சு, "நீ எனக்கு ஓகே சொன்னியே!"ன்னு கேட்டுட்டாங்க. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க, அங்க காத்தாடிக்காரருக்குத் திண்டாட்டமாப் போச்சு. இவரு சும்மா இருந்திருக்கலாம். "எங்க பழக்கத்துல அதுக்குக் கேட்டுட்டிருக்கேன்னு அர்த்தம்"னு வெளக்கம் குடுத்திருக்காரு. கொள்ளிக்கட்டையால தலையைச் சொறிஞ்ச கதை! இன்னும் எதுக்கெல்லாம் நீ இப்படி ஓகே சொன்னேன்னு ஆளாளுக்குப் புடிச்சுக்கிட்டாங்க. ஓட்டுல தோத்தாச்சு.

போகட்டும், கம்பெனியே வேற ஆளை அனுப்பறேன், நீ ஹூஸ்டனுக்கு வந்துருன்னு சொல்லிருச்சு. நான் சந்தோஷமா போன் எடுத்தா இவரு சொல்றாரு: "அந்தம்மா என் வார்த்தையை நம்புனாங்க எழிலு. காத்தாடியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்தி, மறுபடியும் ஓட்டுக்கு விட்டு, முடிச்சுட்டுத்தான் வருவேன். ஒரு வருஷம் ஆகும்."

எனக்குக் கோவம் தலைக்கு மேல ஏறிருச்சு. யாரோ ஒரு டோரத்திகிட்டப் பழக்கதோஷத்துல சொன்ன ஓகேக்கு ஒரு வருஷமா? தப்புன்னும் சொல்ல முடியல, அதுதான் வயிறு இன்னும் எரியுது. "ஏனுங்க, அப்ப எனக்குச் சொன்ன சரி? அது ஒத்துக்கிட்டதா, சும்மா கேட்டுக்கிட்டதா?"ன்னு கத்திட்டேன். ஓவியா கேட்டது, நான் தனியா அல்லாடறது, எல்லாத்தையும் கொட்டி அழுதேன்.

அந்தப் பக்கம் ஒரே காத்துச் சத்தம். நடுநடுவுல, "ம்... சொல்லு எழிலு... ம்... சரி."