அளவெட்டிக்குக் கொண்டுபோன கடிதம்

காலை 5.45. கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே போகும் ரயில், மூன்றாம் வகுப்பு. மடியில் ஒரு ஹொக்கி மட்டை, சட்டைப் பையில் ஒரு கடிதம். எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம் அது. அந்த நாட்களில் சும்மா ஊர் பார்க்க யாழ்ப்பாணம் போகிறவர்கள் இல்லை. நான் யோகநாதனைக் கூட்டிவரப் போனேன்.

யோகநாதன் அளவெட்டிக்காரன். கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் நாட்டு அணியில் பின்வரிசையில் ஆடினான். எதிரணியின் தவறுக்குத் தண்டனையாக ஷோர்ட் கோர்னர் கிடைத்தால் கோலை நோக்கிப் பந்தை அடிப்பவன் அவன்தான். அணியின் மாற்றுக் கோல் காப்பாளனான நான் பயிற்சியில் அவனுடைய பத்து அடிகளில் இரண்டைத் தடுத்தால் அன்று நன்றாகச் சாப்பிடுவேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவன் தங்கியிருந்த வீட்டை எரித்தார்கள். அகதி முகாமில் பத்து நாள் இருந்து, கப்பலேறி, வடக்கே காங்கேசன்துறையில் இறங்கியவன் பிறகு கொழும்புப் பக்கம் வரவேயில்லை.

இப்போது ஆறு வாரத்தில் வெளிநாட்டில் தகுதிகாண் போட்டிகள். அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் பெரிய கிண்ணத்துக்கு ஆடலாம். ஷோர்ட் கோர்னர் அடிக்க இருந்தவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. யோகநாதனுக்குப் பயிற்சியாளர் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அணியில் தமிழ் பேசுகிறவன் மாத்தளைக்காரனான நான் ஒருவன்தான். “நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா” என்று மூன்றாவது கடிதத்தை என் கையில் தந்தார். மூன்று நாள் தவணை.

பகல் 12.30. வவுனியா. ரயில் அதற்கு மேல் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு எண்பத்தெட்டு மைல், தனியார் மினிபஸ்ஸில் ஐம்பது ரூபா. கொண்டக்டர் மட்டையைப் பார்த்துவிட்டு, “அண்ணை, உந்த மட்டையைச் சீற்றுக்குக் கீழை ஒளிச்சு வையாதையுங்கோ. கையிலையே வைச்சிருங்கோ. ஒளிச்சாத்தான் ஆமிக்காரன் சந்தேகப்படுவான்” என்றான். முறிகண்டியில் எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். நானும் ஒன்று உடைத்தேன். கச்சான் கடலை ஒரு சுருள் இரண்டு ரூபா. சாப்பிடப் பிடிக்காமல் பக்கத்திலிருந்த கிழவருக்குக் கொடுத்தேன்.

பிற்பகல் 3.40. ஆனையிறவு இராணுவச் சோதனைச்சாவடி. எல்லாரும் இறங்கி வெயிலில் வரிசையாக நடக்க வேண்டும். உப்புக் காற்றில் உதடு வெடித்தது. சிப்பாய் மட்டையைத் தட்டிப் பார்த்தான், வளைவில் மூக்கை வைத்து மணந்தும் பார்த்தான். நான் சிங்களத்தில் விளக்கினேன். மாத்தளையில் பிறந்தவனுக்கு அது இரண்டாவது பாஷை அல்ல. அவன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்து, “வென்று வா” என்று விட்டுவிட்டான். பஸ்ஸுக்குத் திரும்பினேன். அதுவரை தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த கிழவர் கச்சான் சுருளை மடித்து என் பக்கத்தில் வைத்தார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். என் சிங்களம் அவர் காதில் விழுந்திருந்தது.

பளை, கொடிகாமம், சாவகச்சேரி. பள்ளங்களில் விழுந்து எழும்பி ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். விடுதி அறை நாற்பது ரூபா. குளித்துவிட்டுப் படுத்தேன். படுத்த பிறகும் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள், காலை 7.10. காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் அளவெட்டி ஒன்பது மைல். இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று நின்று நின்று போனது. மரக்கறிக் கடகப் பெட்டிகளுக்கு இடையில் ஒற்றைக் காலில் நின்றேன். இறங்கி விசாரித்தேன். “பந்தடிக்கிற யோகுவோ?” என்று கேட்டு ஒரு பெண் ஒழுங்கையைக் காட்டினாள்.

அவன் மிளகாய்த் தோட்டத்தில் நின்றான். நீர் இறைக்கும் மிசின் இரைந்துகொண்டிருந்தது. மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தான்.

“ஆர், வேலுவே? நீர் எப்பிடி வந்தனீர்?”

“பஸ்லதான்.”

“ஆமிக்காரன் மறிக்கேல்லையே?”

“மட்டையை மோந்து பார்த்தான்.”

சிரித்தான். முன்பு எங்களுக்குள் ‘மச்சான்’ என்றுதான் பேச்சு. இப்போது ‘நீர்’ வந்திருந்தது. கடிதத்தை ஈரக் கையால் தொடாமல், என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லி வாசித்தான்.

“இதுக்கு முந்தி வந்த ரெண்டும் கிடைச்சது.”

“ஏன் பதில் போடல?”

“என்னத்தை எழுதுறது?” மிசினை நிறுத்தப் போனான். சத்தம் நின்றதும் அவன் குரல் பெரிதாகக் கேட்டது. “பத்து நாள் அந்த முகாமிலை கிடந்தனான். எங்கடை மைதானத்திலையிருந்து நடந்து வாற தூரம். அணியிலை பதினெட்டுப் பேர். ஒருத்தர் வந்தவரே, வேலு? மாத்திப் போட ஒரு சேட்டுக் கொண்டுவந்து தந்தவரே?”

“எங்க கடையையும்தான் எரிச்சாங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு கொக்கோத் தோட்டத்துக்குள்ள நாலு நாள் கிடந்தோம்.”

“தெரியும். உம்மைச் சொல்லேல்லை.” மண்வெட்டியை வரம்பில் சாய்த்து வைத்தான். “அதுக்குப் பேந்தும் எப்பிடிப் போய் அவங்களோடை விளையாடுறீர்?”

“திரும்பிப் போக எனக்கு வேற ஊர் இல்லையே, யோகா.”

அவன் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

அவன் மனைவி கமலா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. யோகநாதன் கை கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அண்ணை, அவர் வாறதெண்டால் நான் மறிக்கமாட்டன். முதல் கடிதம் வந்த நாளிலையிருந்து பின்னேரத்திலை பள்ளிக்கூட மதிலுக்குப் பந்தடிக்கிறார். எனக்கும் சொல்லுறேல்லை. சேட்டிலை செம்மண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சனான்.”

சாப்பிட்டதும் அவனே, “மட்டையை எடும். வாரும்” என்றான்.

காலை 10.30. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் வெறுமையாக இருந்தது. மதிலில் முழங்கால் உயரத்தில் கரியால் போட்ட ஒரு வட்டம், சுற்றிலும் பந்து பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அவன் கொண்டுவந்த பந்தை நான் கையால் தள்ளிவிட்டேன். அவன் நிறுத்தி அடித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. பன்னிரண்டு அடிகளில் ஒன்பது வட்டத்துக்குள் விழுந்தன. மூன்று ஆண்டில் அவன் எதையும் இழக்கவில்லை. எங்கள் அணியில் அப்படி அடிக்க ஒருவனும் இல்லை. வெளிநாட்டு மைதானம், பந்து கோல் பலகையில் மோதும் சத்தம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

“அடி இருக்குத்தானே?” என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

“முந்தியைவிடக் கூட இருக்கு.”

“ஓம். அதைத்தான் ஒருத்தர் பாத்துச் சொல்லவேணும் எண்டு இருந்தனான்.” மட்டையை என்னிடம் நீட்டினான். “நான் வரேல்லை, வேலு.”

நான் கெஞ்சினேன். இரண்டே மாதம் என்றேன், பிள்ளை பிறப்பதற்குள் திரும்பிவிடலாம் என்றேன். பயமா என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

“பயமில்லை. அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கொடியைப் பாத்துக்கொண்டு நேரா நிக்கவேணும். நான் நிண்டு பாத்தனான், மனசுக்குள்ளை. ஏலாமக் கிடக்கு.”

மதில் நிழலில் உட்கார்ந்தோம். பிறகுதான் அவன் கேட்க இருந்ததைக் கேட்டான். “வரமாட்டன் எண்டு அங்கை சொல்லாதையும். ஏன் எண்டு கேப்பாங்கள். இயக்கப் பொடியங்களோடை சேர்ந்திட்டான் எண்டு ஆரும் எழுதினால், என்னைப் பெத்த ஐயாவைத் தேடித்தான் ஆமிக்காரர் வருவாங்கள். யோகநாதனுக்குப் பழைய அடி இல்லாமப் போட்டுது, இனி விளையாட ஏலாது எண்டு சொல்லும்.”

“பொய்யா?”

“என்ரை பேரைத்தானே கெடுக்கிறன். உம்மடையை இல்லையே.”

பகல் 1.15. திரும்பும் பஸ். வழியனுப்ப அவன் சந்திவரை வந்தான். கமலா தந்த செத்தல் மிளகாய்ப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது. ஜன்னலருகே இடம் கிடைத்தது. எங்கள் மாத்தளையைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன். எரிந்த அதே நிலத்தில் அப்பா கடையைத் திரும்பக் கட்டினார். அன்று தெருவில் நின்று பார்த்தவர்கள்தான் இன்று சீனியும் பருப்பும் வாங்க வருகிறார்கள். நாங்களும் நிறுத்துக் கொடுக்கிறோம். யோகநாதனுக்கு நிற்க ஒரு மிளகாய்த் தோட்டமாவது இருந்தது. பொறாமையா என்று கேட்டால், சுன்னாகம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. பிறகு களைப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மூன்றாம் நாள், பிற்பகல் 4.00. கொழும்பு. பயிற்சியாளர் மைதானத்து ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“எங்கே அவன்?”

“அடி போய்விட்டது, சேர். பன்னிரண்டு அடித்தான். மூன்றுதான் சரி.”

“நிச்சயமாகவா?”

“நானே பந்து தள்ளிவிட்டேன்.”

பட்டியலை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு கிழித்தார். “பாவம், நல்ல ஆட்டக்காரனாக இருந்தான்” என்றார். தாளை என் பக்கம் திருப்பி, மற்றவர்களுக்கும் காட்டிவிட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். அதில் இப்போது ஒரே ஒரு தமிழ்ப் பெயர்தான் இருந்தது. அதை நானே பசை தடவி ஒட்டினேன்.