எட்டுக்கு ஆறு

தையலக்கா லேப்டாப் வாங்கியது பூ போடத்தான். எம்பிராய்டரி மெஷினுக்குள் பூவும் கொடியும் கோப்பாகத்தான் போகும் என்று விற்றவர் சொல்லிவிட, யாரோ கழித்துப்போட்ட ஒரு லேப்டாப் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்தில் அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பிறகு அதே லேப்டாப்பில் மாதம் ஒரு டிவிடி போடவும் கற்றுக்கொண்டாள். அதற்குக் காரணம் நாத்தனார்.

கணவரின் அக்காவான அந்த நாத்தனார் அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் ஏறி இறங்கியவர். பழைய டிக்கெட்டை மடித்துக் காட்டுகிறவனை வாசல் படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாராம். அந்தக் கண் இன்னும் அப்படியேதான் இருந்தது, முட்டி இரண்டும்தான் போய்விட்டன. ஒரே மகள். பிறந்தபோதே நாலு கிலோ, அதனால் வீட்டில் அவள் பெயர் பூசணி. முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். ஒன்றரை நாள் ரயில் பயணத் தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது நாத்தனார் ஒரே பிடியாக மாட்டேன் என்றார். தையலக்காதான் நடுவில் புகுந்தாள்.

"அனுப்புங்க அண்ணி. அவளுக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பு."

வாய் சும்மா இருக்காதே. சொன்ன வார்த்தை இரண்டு வருஷமாக அவள் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

மருத்துவமனைக்காரர்கள் பூசணி சொல்லித்தரும் பயிற்சிகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். நாத்தனாரிடம் இருந்ததோ பட்டன் போன். வீட்டில் பெட்டி மாதிரி ஒரு பழைய டிவி, அதன் அடியில் ஒரு டிவிடி பிளேயர். எனவே தையலக்கா வீடியோவை இறக்கி டிவிடியாக மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதல் தடவை வீடியோக் கோப்பை அப்படியே டிவிடித் தட்டில் ஏற்றிக் கொடுத்தாள். பிளேயர் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. மூன்று தட்டு வீணான பிறகுதான் புரிந்தது, இறக்கிய வீடியோ வெறும் துணி, பிளேயர் போட்டுக்கொள்கிற அளவுக்கு அதை வெட்டித் தைக்க வேண்டும் என்று. அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. படத்தை மாற்ற அது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் தட்டில் எழுத வேண்டும், அவசரப்பட்டால் பழைய பிளேயர் திக்கும். வீணான தட்டுகளையும் அவள் எறியவில்லை. பாவாடை ஓரத்தில் பிறை பிறையாக வளைவு வரைய அதைவிட நல்ல அச்சு கிடையாது.

நாத்தனார் தினமும் காலையில் டிவி முன்னால் உட்கார்ந்து காலைத் தூக்குவார். பூசணி பத்து வரை எண்ணுவாள். அம்மா எட்டிலேயே காலைப் போட்டுவிட்டு, "போதும்டி, எனக்குத் தெரியும்" என்று டிவியைப் பார்த்துச் சொல்வார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், புது டிவிடி கொடுத்த மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "கையில இருக்கறதப் போட்டுட்டு உடனே வா."

தையலக்கா கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். நாத்தனார் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"பாரு. நீயே பாரு. எலும்பும் தோலுமா நிக்கறா."

டிவியில் ஒரு பெரிய நீலப் பந்துக்குப் பக்கத்தில் பூசணி நின்றாள். கன்னம் இரண்டும் காணாமல் போய் முகம் நீண்டிருந்தது. கை குச்சி குச்சியாக இருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு போன்ல பேசுவா. வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடுன்னு சொல்லப்போறேன். நீ பொறுப்புன்னு சொன்னியே, இதுதான் பொறுப்பா?"

இந்த மாதம்தான் அங்கே பூசணியின் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அம்மா வாய் திறந்து ஒன்று சொன்னால் தட்ட மாட்டாள், மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவாள். தையலக்கா டிவியையே பார்த்தாள். பூசணி இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக விரித்தாள்.

"அண்ணி, நிறுத்துங்க! அப்படியே நிறுத்துங்க!"

டேப்பை எடுத்து டிவி கண்ணாடிமேல் வைத்தாள். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை எட்டு அங்குலம். இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை ஆறு. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் அவள். விரித்த கையும் ஆள் உயரமும் யாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டுக்கு ஆறு என்று கடவுள் யாரையும் வெட்டியதில்லை.

"இது அவ உடம்பு இல்ல அண்ணி, என் கைவேலை! இப்ப புது கேமரா போல, படம் அகலமா வருது. நான் பழைய சதுர அளவையே வெச்சு மாத்திட்டேன். அகலத்துல கால்வாசி பிடிச்சுட்டேன்."

"பெத்தவளுக்குத் தெரியாததா உன் டேப்புக்குத் தெரியும்? போம்மா."

"நாளைக்குப் பத்துக்குள்ள வேற டிவிடி கொண்டுவரேன். அதுவரைக்கும் எதுவும் சொல்லிடாதீங்க."

வெற்று டிவிடி இப்போது எங்கே கிடைக்கிறது? நாலு கடை ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு ஸ்டேஷனரி கடையில், நோட்டுகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. மறுநாள் விடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அகலப் படம் என்று இருந்த இடத்தில் குறி வைத்தாள். மாற்றி முடித்த படத்தில் பூசணி கை விரித்த இடத்தில் நிறுத்தி, லேப்டாப் திரையிலேயே டேப்பை வைத்துப் பார்த்தாள். உயரமும் கையும் சரிக்குச் சரி. பிறகுதான் தட்டில் எழுதவிட்டாள். அது முடிகிறவரை ஒரு பொத்தான்கூடத் தைக்க ஓடவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கத் தட்டைப் பிளேயரில் வைத்தாள்.

"இது என்ன, மேலயும் கீழயும் கறுப்பாப் பட்டி?" என்றார் நாத்தனார்.

"அது இருந்துட்டுப் போகட்டும் அண்ணி. நடுவுல பாருங்க."

நடுவில் பூசணி நின்றாள். கன்னம் கன்னமாக, கை கையாக, பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் நின்றாள். போன் அடித்தது. டிவியிலிருந்து கண்ணை அகற்றாமலே நாத்தனார் போனை எடுத்தார்.

"ம்... நல்லாத்தான் இருக்கேன். நிரந்தரம் பண்ணிட்டாங்களா? கடிதாசி கையில குடுத்துட்டாங்கல்ல?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தையலக்கா டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "சரி. அங்கயே இரு. நல்லா இரு. ராத்திரி மட்டும் ரெண்டு வாய் கம்மியாச் சாப்பிடு."

தையலக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. போனை வைத்த நாத்தனார், டிவியில் இருந்த நீலப் பந்தைக் காட்டினார். இப்போது அது உருண்டையாக இருந்தது.

"நேத்து அது முட்டை மாதிரி நின்னுச்சு. நானும்தான் பார்த்தேன்."

தையலக்கா அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுமா அண்ணி?"

"நல்லா இருக்கற பிள்ளையை என்ன சொல்லி வரச் சொல்றது? இளைச்சுட்டான்னா கூப்பிடலாம்ல."

தையலக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் கையை விடுவித்துக்கொள்ளாமல் மறு கையால் ரிமோட்டை அழுத்தினார், வலது காலை நீட்டித் தூக்கினார். பூசணி எண்ணினாள். எட்டு வந்ததும் கால் வழக்கம்போல் கீழே போனது.

"எட்டுலயே காலை இறக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் டிவியில் பூசணி. "மறுபடியும் ஒண்ணுலேர்ந்து."

நாத்தனார் காலை மறுபடியும் தூக்கினார்.