கம்பவுண்டரின் காது

காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின்மேல் ஒரு மனிதர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். டாக்டர் வேண்டாமென்று கழித்துப் போட்ட பழைய ஸ்டெதாஸ்கோப் அது. ரப்பர் குழாய் வெடித்த இரண்டு இடங்களில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. கண்ணை மூடியபடி வட்டத்தை ஒரு விரற்கடை நகர்த்துகிறார், நிற்கிறார், மறுபடி நகர்த்துகிறார். இடம், திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு பங்களா வாசல். காலம், அறுபதுகளின் தொடக்கம். காரை விற்க இருந்தவர் எஸ்டேட் ஒன்றில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "என்னய்யா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார். என்னோடு வந்திருந்த வக்கீல் நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனிதரை அங்கே அழைத்துப் போனவனே நான்தான். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் மனம் வராது. அதனால் தெரிந்த ஒருவரை இழுத்துப் போய், அவரைப் பார்த்தே சிரித்தேன்.

அவர் ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பெயர் இருந்தது, ஆனால் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உறையூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். காவேரிப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். மிக்சர் கலக்கிப் புட்டியில் அளவுக் காகிதம் ஒட்டுவது வேலை, ரேடியோ வால்வு வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவது ஆசை. அவர் வீட்டில் தறி ஓடியது. நூல் சுற்றும் ராட்டையிலேயே செப்புக் கம்பியைச் சுற்றி டிரான்ஸ்ஃபார்மர் செய்வார். சுற்றின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே, டிஸ்பென்சரியில் மருந்துப்பொடி மடிக்கும் மெழுகுத்தாளை வெட்டி வைப்பார். சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு, யுத்தத்தில் மிஞ்சிய வால்வுகளை மூர் மார்க்கெட்டிலிருந்து வரவழைப்பார். பிஸ்கட் டின்னைத் தட்டி நிமிர்த்தி அதன்மேல் எல்லாவற்றையும் பொருத்துவார். டின்னில் இருந்த குழந்தைப் படம் கடைசிவரை அழியாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

நானோ ஸ்ரீரங்கத்திலிருந்து போய்த் திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன், எம்.எஸ்ஸி. எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. நான், வக்கீல், இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். வெளிநாட்டுப் பத்திரிகையை வரவழைத்து, கை மாற்றி மாற்றிப் படித்து, அதில் வரும் சர்க்யூட்டைப் பற்றி மாலை முழுதும் பேசுவோம். பேசியதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்ததில்லை. சால்டரிங் கோல் சுட்டுவிடும் என்று அதைப் பிடிக்கத் தனி ஆள் வைத்திருந்த ரசிகரும் எங்களில் உண்டு. குழுவில் ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டி முடித்தவன் நான் ஒருவன்தான். தேக்குப் பெட்டி, பித்தளைக் குமிழ்கள், பின்னால் ஒரு நோட்டு நிறையக் கணக்கு. எல்லாம் இருந்தது. கூடவே ஓர் இரைச்சலும் இருந்தது. பாட்டு நிற்கும்போது தேனீக் கூட்டம் போல அது எழும்பும். அதைப் பற்றி என் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். கம்பவுண்டர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்பி வச்சுப் பாருங்க சார், பாதி குறையும்" என்றார். அவர் போகும்வரை காத்திருந்து திருப்பி வைத்தேன். பாதி குறைந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கல்லூரி வாசலில் காரில் போய் இறங்க வேண்டும் என்ற அற்ப ஆசை. ஆகவே பழைய கார். கன்டோன்மென்ட் காரோ பார்வைக்கு ராஜாபோல் இருந்தது. நீலப் பூச்சு, தோல் இருக்கை, கிண்கிணி போல ஒரு ஹார்ன். கம்பவுண்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னைத் தனியே அழைத்தார்.

"சார், வேணாம்ங்க. உள்ள மூணாவது சிலிண்டர் அறைக்குக் கீழ ஒரு தட்டல் இருக்கு. கெட்டி எண்ணெய் ஊத்தி அமுக்கி வச்சிருக்காங்க."

"சத்தமே இல்லையே."

"அதாங்க. இருமலுக்கு அபின் குடுத்துத் தூங்க வச்ச மாதிரி. இருமல் போகல."

வக்கீல் உரக்கக் கேட்டார்: "என்ன கம்பவுண்டர், மூணு வேளை மிக்சர் குடுத்தா சரியாப் போயிடுமா?" மறுபடி எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே நான் காரை வாங்கத் தீர்மானித்துவிட்டேன். கம்பவுண்டர் சொல்லி ஒரு எம்.எஸ்ஸி. பின்வாங்கினான் என்று இருக்கக்கூடாது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் திருவெள்ளறைக்குப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினோம். நான், என் மனைவி, வக்கீல், அவர் மனைவி. கொள்ளிடம் பாலம் தாண்டி வயல்வெளியில் போகும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒரு வெடி, பிறகு புகை. உள்ளே தண்டு உடைந்து இன்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மூன்றாவது அறைக்குக் கீழே. காரை இரண்டு மாடுகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகையில் கடைவீதி முழுதும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. வக்கீலுக்கு அதன்பிறகு வேறு பேச்சே இல்லை. "ஓய், அவர் அன்னிக்கே நாடி பிடிச்சுச் சொன்னாரே! நீர் எம்.எஸ்ஸி., அவர் எல்.ஐ.எம்.!" என்று, அந்நாளைய நாட்டு வைத்தியப் பட்டத்தை அவருக்குச் சூட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பங்களா வாசலில் முதலில் சிரித்தவர் அவர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை, அவருக்கும் இல்லை. கம்பவுண்டர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததுதான் என்னை அதிகம் எரித்தது. பேசியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீதியின் சங்கீத சபாவுக்குச் சொந்தமாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. வக்கீல்தான் சபாவின் செயலர். கம்பவுண்டரைச் செய்யச் சொன்னால் என்ன என்று அவரே ஆரம்பித்தார். பக்கத்து ஊர்ச் சபாக்கள் இரண்டும் இது எப்படி அமைகிறதென்று பார்த்துவிட்டுத் தங்களுக்கும் அவரிடமே செய்யச் சொல்வதாக இருந்தன. கம்பவுண்டருக்கு அது விளையாட்டல்ல. டாக்டருக்கு வயதாகிவிட்டது. சித்திரையோடு டிஸ்பென்சரியை மூடிவிட்டுச் சென்னையில் மகனோடு போய் இருக்கப்போகிறார். அதன்பின் கம்பவுண்டருக்கு வேலை இல்லை. ஆம்ப்ளிஃபயர் கட்டியே பிழைத்துக்கொள்ளலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான், என் பெட்டியும் போட்டிக்கு வரும் என்றேன்.

யாருடையது என்று தெரியாமல் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் விஞ்ஞானம் என்று வக்கீலிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். நான் ஜெயிப்பேன் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுக் கூடத்தில் எட்டு முழ வேட்டியைக் குறுக்கே கட்டித் திரை போட்டேன். திரைக்கு முன்னால் ஒரே ஒலிபெருக்கி, பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஒரு சுவிட்சும் நானும். போட்டியில் இருப்பவனே சுவிட்சைப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. பௌதிகம் கற்பிக்கிறவன் பொய் சொல்வானா? கம்பவுண்டருக்குக்கூடத் தோன்றவில்லை. நாற்காலி காலியாக இருந்தும் அவர் வாசல் ஓரத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

ஒரே வீணை இசைத்தட்டை இரண்டு முறை போட்டேன். முதலில் என் பெட்டி வழியாக. "ஒன்று" என்று குரல் கொடுத்தேன். பிறகு சுவிட்சைத் தள்ளி, அவருடையது வழியாக. "இரண்டு." இரண்டாவது தொடங்கி அரை நிமிஷம் இருக்காது, கூடத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். எனக்கும் கேட்டது. தந்தியில் விரல் உரசும் ஒலி கேட்டது. வாசிப்பு நின்ற இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாமைக்காகத்தான் நான் நோட்டு நிறையக் கணக்குப் போட்டிருந்தேன். பிஸ்கட் டின்மேல் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

திரையை விலக்கினேன். "இரண்டாவதுதான் ஓய், சந்தேகமே இல்லை!" என்றார் வக்கீல். மற்றவர்களும் தலையாட்டினார்கள். "இரண்டாவது யாருது?"

"என்னுடையது" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் திறந்தது, அது வந்தது. வக்கீல் தொடையைத் தட்டினார். "பார்த்தீரா கம்பவுண்டர்? எம்.எஸ்ஸி. எம்.எஸ்ஸி.தான்!"

கம்பவுண்டர் சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டேன்ங்க" என்றார். டின்னை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது என் மனைவி கேட்டாள்: "நம்மாத்துது எப்பவும் இரைஞ்சுண்டே இருக்குமே, இன்னிக்கு மட்டும் எப்படி இரையலை?" ரசம் ஆறிவிட்டது என்று எரிந்து விழுந்தேன். அவள் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். சபாவில் என் பெட்டி ஏறியது. ராமநவமிக் கச்சேரிகளில் தம்புராவோடு சேர்ந்து அதுவும் ஒரு சுருதி பிடித்தது. கரண்டு சரியில்லை என்றார்கள். கூடத்துத் தகரக் கூரையைக் குற்றம் சொன்னார்கள். மிருதங்கக்காரர் மைக்கின் கிட்டே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். படித்தவன் செய்த பெட்டி என்பதால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தார்கள். அந்த ரசிகர்களைப் போன்ற செவிடர்களை நான் கண்டதில்லை. அவர்களை நம்பித்தான் நானும் பிழைத்தேன்.

இதுவரை சொன்னதைப் பதற்றத்தில் செய்த பிழை என்று ஒருவேளை நானே மன்னித்துக்கொண்டிருப்பேன். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. போட்டி முடிந்து பத்து நாள் கழித்துக் கம்பவுண்டர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"சார், சபா ஆர்டரைக் கேட்டு வரலீங்க. அது முடிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு ரெண்டாவதா வந்தது என்னோடதுன்னுதான் என் காதுக்குப் பட்டுச்சு. ராத்திரி பகலா அதையே கேட்டுக்கிட்டிருந்தவன், எனக்குத் தெரியாதாங்க? ஆனா நீங்க படிச்சவங்க, பின்னாடி நின்னவங்க. எனக்கே இப்ப சந்தேகமாயிருச்சு. சொல்லுங்க சார், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நான் தப்பாக் கேட்டேனா?"

அந்த மனிதரிடம் பட்டமோ பெட்டியோ கணக்கோ கிடையாது. இருந்தது ஒரு காது. அது சரியா என்று மட்டும் என்னிடம் கேட்டார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. நான் அவரை நிதானமாகப் பார்த்துச் சொன்னேன்: "ஆமாம் கம்பவுண்டர். நீர் தப்பாகத்தான் கேட்டீர். சொந்தப் பொருள்மேல் ஆசை இருந்தால் காது அப்படித்தான் ஏமாற்றும்." ஒரு கல்லூரி ஆசிரியனுக்கு உரிய கனிவோடு சொன்னேன். அந்தக் கனிவை இப்போது நினைத்தாலும் எனக்கு உமிழத் தோன்றுகிறது.

"சரிங்க சார்" என்றார். "போயிட்டு வரேன்."

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு பழைய கார் பார்க்க நானும் வக்கீலும் திருச்சிக்குப் போனோம். பெரிய கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர் பில் எழுதிக்கொண்டிருந்தார். வக்கீல் விடவில்லை. "வாரும் கம்பவுண்டர், ஒரு வண்டிக்கு நாடி பார்க்கணும்" என்றார். இந்த முறை கேலி இல்லை, உண்மையாகவே கூப்பிட்டார். கம்பவுண்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அதெல்லாம் விட்டுட்டேன்ங்க. ஆம்ப்ளிஃபயரையும் பிரிச்சு வித்துட்டேன். மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போங்க. என் காதை நம்பி வாங்காதீங்க, ஏமாந்துடுவீங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வக்கீலைப் பார்த்துத்தான் சொன்னார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவர் அதை நம்பினார். அங்கேயே, வக்கீல் பக்கத்தில் நிற்கும்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மணியாகிறது என்று வக்கீலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. என் பேத்தி போன மாதம் கார் வாங்கினாள், முன்மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி அவள் மேஜையில் இரைச்சலே இல்லாமல் பாடுகிறது. அது பாடி நிற்கும் இடைவெளிகளில் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். வக்கீல் இல்லை, என் மனைவி இல்லை, அன்று கூடத்தில் தலையாட்டியவர்களில் ஒருவரும் இல்லை. கம்பவுண்டர் என்ன ஆனார் என்று நான் விசாரித்ததே கிடையாது, கண்டுபிடித்துவிடுவேனோ என்ற பயத்தில். கேட்டுச் சிரிக்க ஆள் இல்லாதபோது ஒப்புக்கொள்வதில் யோக்கியதை ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். உறையூரில் அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்து, இது அவர்கள் கண்ணில் படுமானால், அவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒலித்தது என்னுடையது. இரண்டாவதாக ஒலித்தது அவருடையது. அவர் சரியாகத்தான் கேட்டார்.